தொலைநோக்கியின் நேரத்தைப் பங்கிடும் விளையாட்டு

வானை ஆராயும் மரபு திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1837-ஆம் ஆண்டிலேயே இந்நகரில் வானாய்வுக் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அருகிலுள்ள தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. நாட்டின் முதல் விண்வெளி வானாய்வுக் கூடமான ஆஸ்ட்ரோசாட்டை 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ஏவுகலமும் இந்நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் வடிவமைக்கப்பட்டதே.

விண்வெளித் தொலைநோக்கி என்றதும் மாணவர் நினைப்பது வண்ணப் படங்களை. ஆனால் அதனை இயக்குவது என்பது பெரும்பாலும் நேரத்தைப் பங்கிடும் பணியே ஆகும். இதனை வகுப்பறையில் விளையாட்டாகவே கற்பிக்கலாம். கணிப்பொறி வேண்டுவதில்லை, அட்டைகளும் கரும்பலகையும் போதும்.

ஆஸ்ட்ரோசாட் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுமாறு அமைக்கப்பட்டது. ஒரு சுற்றுக்குச் சுமார் 98 நிமிடங்கள். நாளொன்றுக்குப் பதினான்குக்குச் சற்று அதிகமான சுற்றுகள். எனவே பதினான்கு அட்டைகளை ஒரு நாளாகக் கொள்ளலாம். புற ஊதாத் தொலைநோக்கி, பூமியின் நிழலில் செல்லும்போது மட்டுமே பயன்படும்; சுற்றுக்கு ஏறத்தாழ 35 நிமிடங்களே அதற்குக் கிட்டும். மிகப் பிரகாசமான விண்மீன் அதன் பார்வையில் பட்டால் உணர்கருவி பழுதாகும். அத்திசைகள் விலக்கப்பட வேண்டும். சூரியனுக்கு அருகிலுள்ள திசைகளும் அவ்வாறே. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேல் மின்துகள்கள் செறிந்த பகுதியைக் கடக்கும்போது எக்ஸ் கதிர்க் கருவிகளை ஓய்வில் வைக்க நேரிடும். இவற்றைக் கழித்த பிறகே பங்கீடு தொடங்கும்.

மாணவர் ஐந்து குழுக்களாகப் பிரிந்து, தத்தம் ஆய்வுக்கு வேண்டிய அட்டைகளைக் காரணம் காட்டிக் கோருவர். ஆறாவது குழு ஒதுக்கீட்டுக் குழுவாக அமரும். கோரிக்கைகளின் கூட்டுத்தொகை பதினான்கை மிஞ்சுமாறு ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். பாசன நீரைப் பங்கிடும் அலுவலருக்கு இச்சிக்கல் பழக்கமானதே. வேறுபாடு ஒன்று உண்டு. நீரை அணையில் தேக்கலாம். கடந்துபோன சுற்றைத் தேக்க இயலாது. முடிவெடுக்கத் தாமதித்தால் அட்டை வீணாகிவிடும்.

எல்லா அட்டைகளையும் பகிர்ந்து கொடுத்துவிடுவதும் பிழையே. எதிர்பாராது ஓர் எக்ஸ் கதிர் மூலம் வெடித்து ஒளிரலாம். அதற்குச் சேமிப்பு வேண்டும். 1995 டிசம்பரில், ஹப்பிள் தொலைநோக்கியை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தம் விருப்பப்படி ஒதுக்கத்தக்க நேரத்திலிருந்து பத்து நாட்களை, அநேகமாக வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு வான்பகுதிக்குச் செலவிட்டார். வீண் செலவு என்று அஞ்சியவர் பலர். அங்கே ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் தென்பட்டன. வழக்கமான போட்டியில் இத்தகைய கோரிக்கை தேறியிருக்குமா என்பதை மாணவரே வாதிடட்டும்.

நேரம் கிடைக்காத குழுவை வெறுங்கையுடன் அனுப்ப வேண்டியதில்லை. ஆஸ்ட்ரோசாட் திரட்டிய விவரங்கள் 2018 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டன. அதுபோல, விளையாட்டிலும் முந்தைய ஆட்டத்தின் பதிவுகளை அக்குழு கேட்டுப் பெறலாம். முதலில் நோக்கியவர் காணத் தவறியதை அதில் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண்ணும் அக்குழுவுக்கே.