புகை இல்லை, வெறும் ஆவிதானே?

உயர்நிலை இரண்டில் பருப்பொருளின் நிலைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கையைத் தூக்கினார். "டீச்சர், இலையை எரிக்காமல் சூடு மட்டும் பண்ணும் கருவி இருக்கிறதாம். நெருப்பே கிடையாது. அப்படியென்றால் வருவது புகை இல்லை, வெறும் ஆவிதானே? அதில் என்ன கெடுதல்?"

வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்தக் கருவிகளின் விளம்பரங்களும் இதே வாதத்தைத்தான் முன்வைக்கின்றன: நெருப்பு இல்லை, ஆகவே புகை இல்லை, ஆகவே கெடுதல் இல்லை. இதில் இரண்டு 'ஆகவே' இருக்கின்றன. அறிவியல் படிப்பவர்கள் ஒவ்வொன்றையும் நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டும்.

நம் ஊரில் அந்தக் கருவியை மேசைமேல் வைத்துச் சோதிக்க முடியாது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டையும் புகையிலையைச் சூடாக்கும் கருவிகளையும் வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். பரவாயில்லை. ஒரு கருவியை எடைபோட அதைக் கையில் பிடிக்கவேண்டும் என்பதில்லை. நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியலும் வேதியியலுமே பாதி வேலையை முடித்துவிடும்.

உலர்ந்த இலையைச் சூடாக்கும் கருவியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய மாயம் எதுவும் இருக்காது. ஒரு மின்கலம், விரல்நுனி அளவு குட்டி அடுப்பு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சில்லு, வாய்க்குப் போகும் ஒரு குழாய், அவ்வளவுதான். வெளிநாட்டு விளம்பரங்களில் இதற்கு 'உலர் மூலிகை ஆவியாக்கி' என்று பெயர். 'மூலிகை' என்றதும் நமக்குப் பாட்டி வைத்தியம் நினைவுக்கு வரும். அங்கே அது பெரும்பாலும் கஞ்சாவுக்கு வைத்த மறைபெயர். புகையிலைக்கென்று செய்யப்படும் வகையும் உண்டு. பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்ப்போம்.

சில கருவிகளில் சூடான உலோகச் சுவர் இலையைத் தொட்டுச் சூடாக்கும். நீங்கள் 'கண்டக்‌ஷன்' என்று படித்த வெப்பக் கடத்தல் இது. வேறு சிலவற்றில் முதலில் காற்று சூடாகி, பிறகு இலைகளின் ஊடே பாயும். இது 'கன்வெக்‌ஷன்'. திரையில் '200' என்று ஓர் எண் ஒளிரும். அது எதனுடைய வெப்பநிலை?

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுப்பில் 0.3 கிராம் இலை இருக்கிறது. உலர்ந்த இலையின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிராமுக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 1.5 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு ஏற்ற 0.3 × 1.5 × 170, அதாவது ஏறத்தாழ 77 ஜூல் போதும். அதைச் சுற்றியுள்ள எஃகு அடுப்பு 20 கிராம் என்றால், எஃகுக்கு 0.5 ஜூல் என்ற கணக்கில் 20 × 0.5 × 170 = 1,700 ஜூல் தேவை. இலைக்குச் செலவாவதைப்போல 22 மடங்கு! கருவி பெரும்பாலும் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. வெப்ப உணரியும் வழக்கமாக அந்த உலோகத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே, திரையில் தெரியும் 200 என்பது அடுப்பின் காய்ச்சல், இலையின் காய்ச்சல் அல்ல. உலர்ந்த இலை வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுவரை ஒட்டிய இலை கருகும்போது நடுவில் உள்ள இலை பச்சையாகவே இருக்கலாம். ஒருமுறை இழுத்தால் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும். 'துல்லியமான வெப்பநிலை' என்று விளம்பரத்தில் கண்டால், எந்த இடத்தின் வெப்பநிலை என்று கேளுங்கள்.

முதல் 'ஆகவே'

இனி ஆவிக்கு வருவோம். வீட்டில் கெட்டில் கொதிக்கும்போது அதன் மூக்கைத் தள்ளி நின்று கவனியுங்கள். மூக்கை ஒட்டி ஓரிரு சென்டிமீட்டருக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கு அப்பால்தான் வெள்ளைப் படலம் தொடங்கும். ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் இருப்பதுதான் உண்மையான நீராவி. அது வாயு, கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து திரும்பவும் நீராகிவிட்ட நுண்துளிகள்.

கருவியிலிருந்து வரும் வெண்படலமும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே அது வெறும் ஆவி இல்லை. காற்றில் மிதக்கும் நுண்துளிகளின் கூட்டம். இதற்கு ஏரோசால் என்று பெயர். இந்தத் துளிகளில் பல ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்து நிறுத்திவிடும். இவ்வளவு சிறிய துளிகளோ நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையில் இருக்கும் சுவர் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை.

"சளி பிடித்தால் வீட்டில் ஆவி பிடிக்கிறோமே!" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல ஒப்பீடு, அதையும் பார்த்துவிடுவோம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. அங்கே தண்ணீரே காவல்காரன். யூக்கலிப்டஸ் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் கொதிப்பது 176 டிகிரியில். ஆனாலும் நீராவியோடு சேர்ந்து அது 100 டிகிரிக்குள்ளேயே எழும்பிவிடும். தைலம் வடிக்கும் ஆலைகளும் இந்தத் தந்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. உலர்ந்த இலையைப் போட்ட அடுப்பில் அப்படி ஒரு காவல்காரன் கிடையாது. மின்கலம் தரும்வரை சூடு ஏறிக்கொண்டே போகும். சில்லு ஒன்றுதான் அதைத் தடுக்க வேண்டும்.

நெருப்பு இல்லாவிட்டால் வேதிமாற்றமும் இருக்காது என்று நினைக்கவேண்டாம். ரொட்டியை டோஸ்டரில் வையுங்கள். தீ கிடையாது, ஆனால் ரொட்டி பழுப்பாகிறது, மணம் மாறுகிறது, மறந்துவிட்டால் கருகுகிறது. முன்பு ரொட்டியில் இல்லாத நூற்றுக்கணக்கான சேர்மங்கள் புதிதாக உண்டாகின்றன. இலையிலும் இதுவே நடக்கும். திரவம் ஊற்றும் மின்சிகரெட்டை எடுத்துக்கொண்டால், அதில் உள்ள கிளிசரால் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலினாகச் சிதையும். எண்ணெய் தீய்ந்த சமையலறையில் கண்ணைக் கரிக்குமே, அந்தப் பொருள்தான்.

இருந்தாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். எரிவதற்கும் சூடாவதற்கும் வேறுபாடு உண்டு. இழுக்கும்போது சிகரெட்டின் நுனி 800 டிகிரியைத் தாண்டும். புகையிலையைச் சூடாக்கும் கருவி ஏறக்குறைய 350 டிகிரியில் நின்றுவிடும். எரிதல் நடக்காததால் கார்பன் மோனாக்சைடு வெகுவாகக் குறைகிறது. இதை மறைத்துப் பேசினால் நானும் விளம்பரக்காரர் மாதிரி ஆகிவிடுவேன்.

இரண்டாவது 'ஆகவே'

குறைவு என்றால் எதைவிடக் குறைவு? எப்படி அளந்தார்கள்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இதற்கென்று இழுக்கும் இயந்திரம் இருக்கிறது. சிகரெட்டுக்குப் பழைய ஐஎஸ்ஓ முறைப்படி அது நிமிடத்துக்கு ஒருமுறை, 2 விநாடிக்கு, 35 மில்லிலிட்டர் இழுக்கும். கனடா சுகாதாரத் துறையின் முறை கடுமையானது: அரை நிமிடத்துக்கு ஒருமுறை, 55 மில்லிலிட்டர். வருவதைக் கண்ணாடி இழை வடிகட்டியில் பிடித்து, கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற முறையில் ஒவ்வொரு சேர்மத்தையும் தனியாகப் பிரித்து அளப்பார்கள். ஒரே பொருளை இரண்டு முறையிலும் அளந்தால் இரண்டு விடை வரும். எண்ணைத் தருபவர் முறையையும் சொல்லியாக வேண்டும்.

இந்த விஷயத்தில் உலகம் ஒருமுறை பலமாக அடிபட்டிருக்கிறது. சென்ற நூற்றாண்டில் 'லைட்' சிகரெட்டுகள் விற்கப்பட்டன. இயந்திரத்தில் அளந்தபோது தார் குறைவாகவே இருந்தது, அது பொய்யில்லை. வடிகட்டியைச் சுற்றி நுண்ணிய துளைகள் போட்டிருந்தார்கள். அவற்றின் வழியே நல்ல காற்று கலந்து புகையை நீர்க்கச் செய்தது. ஆனால் மனிதருக்கு விரலும் உதடும் உண்டே! துளைகள் மூடிக்கொண்டன. நிக்கோட்டின் போதாதவர்கள் இன்னும் ஆழமாக, இன்னும் அடிக்கடி இழுத்தார்கள். இயந்திரத்துக்குக் குறைந்தது நுரையீரலுக்குக் குறையவில்லை. 2010இல் அமெரிக்காவில் 'லைட்' என்ற சொல்லையே சிகரெட் பெட்டியிலிருந்து நீக்கும் சட்டவிதி நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பாடத்தை மறக்காததால்தானோ என்னவோ, 2020 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு நுணுக்கமான முடிவை எடுத்தது. ஐகாஸ் என்ற புகையிலைச் சூடாக்கியின் நிறுவனம் இரண்டு விதமான வாசகங்களுக்கு அனுமதி கேட்டிருந்தது. சிகரெட்டை முழுதாக விட்டு இதற்கு மாறினால் தீய ரசாயனங்கள் உடலில் சேர்வது குறையும் என்ற வாசகத்துக்கு அனுமதி கிடைத்தது. நோய் வரும் ஆபத்து குறையும் என்ற வாசகம் மறுக்கப்பட்டது. ஆபத்து குறைகிறது என்பதற்குச் சான்று போதவில்லை.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போவது குறைவது வேறு, நோய் குறைவது வேறு. அதோடு, இந்த ஒப்பீடு முழுவதும் ஏற்கெனவே புகைப்பவருக்கானது. உங்களைப் போன்ற 14, 15 வயதுக்காரர் ஒப்பிடவேண்டியது சிகரெட்டோடு அல்ல, சாதாரணக் காற்றோடு. அப்படி ஒப்பிட்டால் எல்லாமே கூடுதல்தான். நிக்கோட்டினோ கஞ்சாவோ, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குள் போகிறது.

சாப்பிடலாம், சுவாசிக்கலாமா?

'உணவுத் தரம் வாய்ந்தது', 'இயற்கையானது' என்ற சொற்களும் காதில் விழும். வயிறும் நுரையீரலும் ஒன்றல்ல. வயிற்றில் அமிலம் இருக்கிறது, அங்கிருந்து போவதைக் கல்லீரல் சலித்துப் பார்க்கிறது. நுரையீரலில் அந்தச் சோதனைச்சாவடி கிடையாது.

டயசெட்டைல் என்ற பொருள் வெண்ணெய் மணம் தரும், உணவில் சேர்ப்பார்கள். 2000இல் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறி அடைபடும் அரிய நோய் இருப்பது தெரியவந்தது. அவர்கள் பாப்கார்ன் தின்று நோயாளியாகவில்லை. வெண்ணெய் மணத்தை நாள்தோறும் சுவாசித்தார்கள்.

2019இல் அதே நாட்டில் ஆரோக்கியமான இளையர்கள் திடீரென்று மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பயன்படுத்தியது கஞ்சாச் சாறு கலந்த மின்சிகரெட் திரவம். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்த நலமான 99 பேரில் ஒருவரிடமும் அது இல்லை. சருமப் பூச்சிலும் சத்து மாத்திரையிலும் இருக்கும் சாதாரணப் பொருள் அது. திரவம் கெட்டியாகத் தெரியட்டும் என்று யாரோ கலந்திருந்தார்கள்.

கருவியை எவ்வளவு நுணுக்கமாக எடைபோட்டாலும் அதில் போடுவது என்ன என்று தெரியாவிட்டால் பயனில்லை. நம் ஊர்க் கதைக்கு வாருங்கள். 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் ஒரு தகவலை வெளியிட்டார். பறிமுதல் செய்யப்பட்ட மின்சிகரெட்டுகளில் நூறுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்தபோது மூன்றில் ஒன்றில் எட்டோமிடேட் இருந்ததாம். 'கேபாட்' என்று மாணவர்கள் வாயில் புழங்குகிறதே, அது இதுதான். அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் நரம்பில் ஏற்றி நோயாளியைத் தூங்கவைக்கும் மருந்து அது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை அது முடக்கும். அதனால் உடலுக்கு இன்றியமையாத கார்ட்டிசால் சுரப்பு குறையும். மருத்துவமனையில் மயக்கமருந்து நிபுணர் அளவு பார்த்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் கண்காணித்துக்கொண்டே கொடுப்பார். மின்சிகரெட்டில் அளவு பார்ப்பவர் யார்?

2025 செப்டம்பர் 1 அன்று எட்டோமிடேட், போதைப்பொருள் சட்டத்தின்கீழ் சி பிரிவில் சேர்க்கப்பட்டது. அது ஒரு குழலுக்குள் இருக்கிறதா என்பதை நிறமோ மணமோ திரையில் ஒளிரும் எண்ணோ காட்டாது. சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஆய்வுக்கூடம் போன்ற ஓர் இடத்தில் கருவிகளில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். நண்பர் யாராவது ஏற்கெனவே இதில் மாட்டிக்கொண்டிருந்தால், தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை கிடையாது என்று அதிகாரிகள் அறிவித்திருக்கிறார்கள். பள்ளி ஆலோசகரிடமோ சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டத்திலோ கேட்கலாம். கூடப் போக ஒருவர் இருந்தால் அந்த முதல் நடை எளிதாக இருக்கும்.