இரண்டாம் அணிக்கு ஊர் லீக் வேண்டும்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் பந்து ஆடும் பதினெட்டு வயதுப் பையனுக்கும் இந்தியன் சூப்பர் லீக்குக்கும் (ஐ.எஸ்.எல்.) நடுவே ஒரு படி குறைகிறது. பெரிய கிளப் தன் இளைஞர்களை ‘பி’ அணியாகத் திரட்டி, வட்டார லீக்கில் பெரியவர்களோடு சீசன் முழுக்க மோதவிடுவதே அந்தப் படி. வயதுவாரிப் போட்டி இதற்கு ஈடாகாது. சகவயதுப் பையனை ஏய்த்துப் போவது வேறு, முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரர் முதுகில் சாய்ந்து அழுத்தும்போது பந்தை விடாமல் திரும்புவது வேறு.

2007-ல் பார்சிலோனாவின் ‘பி’ அணி ஸ்பெயினின் நான்காம் அடுக்குக்கு இறங்கியது. அதைப் புதுப் பயிற்சியாளர் பெப் கார்டியோலாவிடம் ஒப்படைத்தார்கள். கத்தலோனியாவின் சிற்றூர் கிளப்புகளோடு ஒரு சீசன் முட்டிமோதி, 2008-ல் மேலே ஏறியது. அந்த அணியின் புஸ்கெட்ஸும் பெத்ரோவும் 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் முதல் பதினொருவரில் நின்றார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? காரைக்குடி பக்கத்துக் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன், பெங்களூரு எஃப்.சி.யின் இரண்டாம் அணியில் வளர்ந்தவர். 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராகக் கோல் போட்டார். அந்த ஐ.எஸ்.எல். சீசனின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே. தமிழ்நாட்டுப் பையனுக்கு அந்தப் படி பெங்களூரில் கிடைத்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பணக்கார கிளப்பின் ‘பி’ அணி புகுந்தால் உள்ளூர் கிளப்பின் இடம் பறிபோகும் என்பார்கள். நியாயமான பயம்தான், ஸ்பெயினிலும் இந்தக் குமுறல் உண்டு. ஆனால் அங்கே ‘பி’ அணி தாய் அணியோடு ஒரே டிவிஷனில் ஆட முடியாது, அரசர் கோப்பையிலும் இடமில்லை. நம் ஐ-லீக் இரண்டாம் டிவிஷனில் ஐ.எஸ்.எல். கிளப்புகளின் ‘பி’ அணிகள் ஆடியபோதும் அவற்றுக்கு மேலேறும் உரிமை தரப்படவில்லை. கூடுதல் அணியாகச் சேர்த்து, கோப்பையும் ஏற்றமும் கிடையாது என்று விதித்துவிட்டால் உள்ளூர் கிளப்புக்கு இழப்பில்லை. ஒவ்வொரு சீசனும் வலுவான எதிரணி கிடைக்கும், பெரிய கிளப்பின் பயிற்சியாளர்கள் கண்ணிலும் நம் பையன்கள் படுவார்கள்.

உள்ளூர் கிளப்பே ஆளை வளர்க்கலாமே என்றும் கேட்கலாம். வளர்க்கிறது. ஆனால் அங்கே நன்றாக ஆடுபவனை அடுத்த வாரமே மேல் அணிப் பயிற்சிக்குக் கூப்பிட யாருமில்லை. ‘பி’ அணியில் அந்த வழி திறந்திருக்கிறது.

புதுச்சேரிக்கு உப்பளத்தில் இந்திரா காந்தி மைதானம் இருக்கிறது, சந்தோஷ் டிராபிக்குத் தனி அணி இருக்கிறது, ஐ.எஸ்.எல். கிளப் இல்லை. சென்னையின் எஃப்.சி.யோ சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் ‘பி’ அணியை ஒரு சீசன் புதுச்சேரியில் ஆடவைக்க நம் கால்பந்து சங்கம் பேச வேண்டும். அந்த அணியில் புதுச்சேரிப் பையன்கள் ஐந்து பேராவது இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.