முறுக்கு அச்சும் எல்சாட் கேள்வியும்

அமெரிக்காவில் சட்டம் படிக்க நினைக்கும் சிங்கப்பூர் மாணவர் பெரும்பாலும் எழுதவேண்டி வருவது எல்சாட் தேர்வு. 1948இல் தொடங்கிய இதற்குச் சட்ட அறிவு தேவையில்லை. தர்க்கமாகச் சிந்திக்கத் தெரிய வேண்டும். 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதியை நீக்கிவிட்டார்கள். மதிப்பெண்ணுக்குரிய தர்க்கப் பகுதி இப்போது இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், சுமார் 25 கேள்விகள்.

அவற்றில் ஒருவகை ஆளை அசர வைக்கும். ஒரு வாதத்தைக் கொடுத்து, கீழே உள்ள ஐந்தில் இதே போக்கில் செல்வது எது என்று கேட்பார்கள். முறுக்கு பிழிந்தவர்களுக்கு இது எளிது. குழலுக்குள் அரிசி மாவைப் போட்டாலும் கடலை மாவைப் போட்டாலும், அடியில் நட்சத்திரத் தட்டு இருந்தால் நட்சத்திரமாகத்தான் விழும். நாம் தேட வேண்டியது தட்டை.

ஒரு வாதம்: 'தைப்பூச ஊர்வலம் போனால் சிராங்கூன் சாலையில் போக்குவரத்தை மாற்றுவார்கள். இன்று மாற்றவில்லை. ஆகவே இன்று ஊர்வலம் இல்லை.'

முதலில் மாவை வழித்தெடுங்கள். ஊர்வலம் 'அ', போக்குவரத்து மாற்றம் 'ஆ'. அ நடந்தால் ஆ நடக்கும், ஆ நடக்கவில்லை, ஆகவே அ இல்லை. தட்டு கையில் வந்துவிட்டது.

பிறகு விடைகளுக்கு வாருங்கள். ஒன்று இப்படி இருக்கும்: 'தீபாவளிச் சந்தை போட்டால் கேம்பல் லேனில் கூட்டம் நெரியும். இன்று நெரிகிறது. ஆகவே சந்தை போட்டிருக்கிறார்கள்.' அதே தேக்கா வட்டாரம், அதே திருவிழாச் சூழல்; கை தானாக அங்கே போகும். ஆனால் இது ஆ-வைக் காட்டி அ-வை நிறுவப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சந்தையே இல்லாமலும் அங்கே கூட்டம் நெரியுமே! இன்னொரு விடை: 'இந்தச் செடியை வெயிலில் வைத்தால் பூக்கும். பூக்கவில்லை. ஆகவே வெயிலில் வைக்கவில்லை.' மாவு வேறு, தட்டு அதேதான். இதைக் குறியுங்கள்.

அடுத்து, 'தான்' ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'சிங்கப்பூரில் 21 வயது ஆனால்தான் வாக்களிக்கலாம்' என்பது சரி. 'தான்' கழன்றால், 21 வயதான வெளிநாட்டு ஊழியருக்கும் வாக்கு உண்டு என்றாகிவிடும். எனவே 'ஆனால்தான்' வந்தால் திருப்பி எழுதுங்கள்: ஒருவர் வாக்களிக்கிறார் என்றால் அவருக்கு 21 ஆகிவிட்டது. ஆங்கிலத் தாளில் இந்த வேலையை 'ஒன்லி இஃப்' செய்யும்.

வாக்கியங்கள் வந்த வரிசையைப் பொருட்படுத்த வேண்டாம். முடிவு முதல் வரியிலேயே இருக்கலாம். நேரம் நெருக்கினால் ஐந்து முடிவுகளையும் மட்டும் வாசியுங்கள். மூல வாதம் அடித்துச் சொல்கிற இடத்தில் 'ஒருவேளை' என்று இழுக்கும் விடைகளைக் கழித்துவிடலாம். என் கணக்கில் இதுதான் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும் வழி.

சில சமயம் மூல வாதமே தப்பு என்று கேள்வியே சொல்லிவிடும். கேம்பல் லேன் வாதத்தைக் கொடுத்து இதே பிழை எதில் என்பார்கள். அங்கே செடி வாதத்தைக் குறித்தால் மதிப்பெண் போச்சு. அதே கோணலோடு இருப்பதைத்தான் தேட வேண்டும்.