காசிச் சொம்பும் கண்ணாடி அலமாரியும்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால்தான் ஹால் ஷோகேஸுக்கு விமோசனம். போன தை மாதம் எங்கள் வீட்டில் அது நடந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்த பழைய வேட்டிமேல் அடுக்கினோம். ஆக்ராவில் வாங்கிய தாஜ்மஹால். நாலு மினாரில் ஒன்று ஒடிந்து ஃபெவிக்விக் புண்ணியத்தில் நிற்கிறது. 'வெல்கம்' என்று பெயின்டில் எழுதிய ராமேஸ்வரம் சங்கு. கன்னியாகுமரி வண்ண மணல் பாக்கெட். மைசூர் சந்தன யானை. ஊட்டியில் வாங்கிய பீங்கான் நாய்; புரட்டிப் பார்த்தால் வயிற்றில் 'மேட் இன் சைனா'.

மொத்தம் 43 உருப்படி. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, எங்கே வாங்கியது என்று அம்மாவைக் கேட்டேன். பத்தொன்பதுக்குப் பதில் வந்தது. மீதி இருபத்து நான்குக்கும் ஒரே பதில்: "யாரோ குடுத்ததுடா. இல்லன்னா உங்கப்பா வாங்கியிருப்பார்." இத்தனை வருடம் அந்த இருபத்து நான்கையும் தூசி தட்டியதும் அம்மாதான்.

அந்த யானையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். உண்மையான சந்தனக் கட்டையாக இருந்தால் பல வருடம் கழித்தும் லேசாகத் தேய்த்தாலே வாசம் வரும். எங்கள் யானை வாங்கிய ஆறாம் மாதமே வெறும் மரமாகிவிட்டது. ஏதோ வெள்ளை மரத்தில் எண்ணெய் தடவி விற்றிருக்கிறார்கள். தாஜ்மஹாலும் பளிங்கு இல்லை. அசல் தாஜ்மஹாலுக்கு ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து பளிங்கு வந்தது. கடைத்தெருத் தாஜ்மஹால் பெரும்பாலும் மாக்கல். நகத்தால் அடியில் கீறிப் பாருங்கள். மாக்கல் என்றால் கோடு விழும், பளிங்கில் விழாது. வாங்கும்போதே இந்தச் சோதனையைச் செய்யலாம், கடைக்காரர் முறைப்பதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்.

ஷோகேஸில் இல்லாத ஒரு பொருளைப் பற்றி மட்டும் அம்மா கேட்காமலே சொன்னாள். பூஜை அலமாரியின் மேல்தட்டில் இருக்கும், வாய் அடைத்துப் பற்றவைத்த காசிச் சொம்பு. தாத்தா காசிக்குப் போனபோது இரண்டு கொண்டுவந்தாராம். தமிழ்நாட்டில் பயணப் பொருளுக்கு மூத்த வடிவம் அந்தச் சொம்பாகத்தான் இருக்க வேண்டும். ராமேஸ்வரத்துக் கடல் மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தி என்பது பழைய கணக்கு. போகும்போது மண், வரும்போது நீர். வீட்டில் தங்கும் சொம்பு யார் பார்ப்பதற்காகவும் இல்லை. யாருக்காவது மூச்சு முடியப்போகிறது என்று தெரிந்தால் உடைத்து வாயில் இரண்டு சொட்டு விட. எங்கள் வீட்டு இரண்டில் ஒன்று தாத்தாவுக்கே உடைபட்டது. இன்னொன்றை யாருக்கு என்று யாரும் பேசுவதில்லை.

வெளியூர்ப் பொருளை வீட்டில் எப்படி வைப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்குடிப் பக்கத்து வீடுகள்தான் நினைவுக்கு வரும். லேவாதேவிக்காகப் பர்மா, மலாயா, இலங்கை என்று போன நகரத்தார், போன ஊரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லலாம். பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஐரோப்பிய, ஜப்பானிய ஓடுகள், மூட்டை மூட்டையாக மங்குச் சாமான். ஆனால் எதையும் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டவில்லை. தேக்கு தூணாகி நின்றது. பளிங்கு காலடியில் குளிர்ந்தது. மங்குத் தூக்கும் சட்டியும் பெண்ணுக்குச் சீராகப் போயின. இன்று அவற்றில் பல, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு இருக்கின்றன. யாரோ ரங்கூனுக்குப் போய் வந்த நினைவை நாம் பேரம் பேசி வாங்கிவருகிறோம். தவறில்லை, ஆனால் அது நம் பயணம் என்று விருந்தாளியிடம் அளக்காமல் இருந்தால் சரி.

பணம் நிறைய இருந்தால் கதை வேறு. ஹைதராபாத் நிஜாமின் திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் 1876-ல் ரோமுக்குப் போனவர், பென்சோனி என்ற சிற்பியின் 'முகத்திரையிட்ட ரெபேக்கா'வை வாங்கி வந்தார். நனைந்த மெல்லிய துணி முகத்தில் ஒட்டியதுபோல் தெரியும், ஆனால் அத்தனையும் பளிங்கு. பேரன் மூன்றாம் சாலார் ஜங் சேர்த்தது அதைவிடப் பல மடங்கு. கடைசியில் 1951-ல் அந்தச் சேகரிப்பு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நம் வீட்டு ஷோகேஸ் அந்த நிலைக்கு வராது என்பது ஆறுதல்தான்.

அம்மா சொன்ன பத்தொன்பதைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அவற்றில் பாதிக்கு மேல், செய்கிற இடத்திலேயே வாங்கியவை. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் சென்னபட்டணத்தில் இறங்கி வாங்கிய மரக் கிலுகிலுப்பையை அம்மா கையில் எடுத்ததுமே, பட்டறையில் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வெட்பாலை மரக்கட்டை கடைசலில் சுழல்கிறது. வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. பிறகு தாழை ஓலையை வைத்து ஒரு தேய். வார்னிஷ் எதுவும் இல்லை, அத்தனை மினுமினுப்பும் ஓலை தந்தது. அதே கிலுகிலுப்பையை விமான நிலையக் கடையில் மூன்று மடங்கு விலைக்கு வாங்கியிருந்தால், "யாரோ குடுத்ததுடா" கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

தஞ்சாவூர் ராஜா ராணியும் அப்படித்தான். அடிப்பாகம் உருண்டையாக, களிமண்ணில் கனமாக. மேல்பாகம் காகிதக் கூழில் லேசாக. எப்படித் தள்ளினாலும் நிமிர்வதற்கு அவ்வளவுதான் சூத்திரம். செய்கிறவர் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு வந்த அப்பா, இரண்டு வருடத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார்.

எனவே நான் இப்போது கடையில் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல. "இது எந்த ஊரில் செய்தது?" பதில் வர மூன்று நொடிக்கு மேலானால் வாங்குவதில்லை.

வாங்கவே கூடாதவையும் உண்டு. கடலோரக் கடைகளில் யாராவது தணிந்த குரலில், "உள்ளே நல்ல ஐட்டம் இருக்கு சார்" என்றால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல்குதிரை, சில வகைச் சங்குகள் எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. விற்றவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் மாட்டுவார். பழைய செப்புச் சிலை, நூறு வருடம் தாண்டிய எதுவானாலும், தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சுவாமிமலையில் வார்த்த புத்தம் புது நடராஜரை அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு எடுத்துப்போவதென்றாலும், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் சிற்ப சாஸ்திரம் பேசி ஜெயிக்க முடியாது.

வாங்கி வந்ததை எங்கே வைப்பது? என் கட்சி: உபயோகப்படுவது எதுவும் ஷோகேஸுக்குள் போகக்கூடாது. பத்தமடைப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் கரப்பான் பூச்சிக்குத்தான் வீடு. விரித்தால் மதியத் தூக்கம். நாச்சியார்கோவில் விளக்கு எரிய வேண்டும். துணி ஓவியத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் மேற்கு வெயில் படாத சுவராகப் பாருங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சின்னத் தக்கைத் துண்டு வைத்தால் மழைக்கால ஈரம் ஏறாது. அரக்குப் பொம்மையை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் காந்தங்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. கண்ணாடிக் கதவு வைத்த புது ஃபிரிட்ஜில் அவை ஒட்டுவதே இல்லை. பிரச்சினை தானாகத் தீர்ந்தது.

பொம்மைகளுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கொலு. வருடம் முழுக்கப் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் பழைய வேட்டித் துணியில் தூக்கம். ஒன்பது நாள் மட்டும் வெளிச்சம், கூட்டம், சுண்டல். திருப்பதி மரப்பாச்சிக்குப் பக்கத்தில் கொண்டபல்லி மாட்டுவண்டி, அதற்குக் கீழே பார்க்கில், ஷோகேஸிலிருந்து இறங்கி வந்த நம் சைனா நாய். வந்த மாமி, "இது எங்கே வாங்கினது?" என்று கேட்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அம்மாவுக்குப் பத்தொன்பது நினைவில் நின்றது. கொலுப்படி ஏறாத பொருள்தான் மறந்துபோனது. தினமும் கண்ணில் படுவது ஒருநாளும் கவனத்தில் படுவதில்லை போலும்.

வெள்ளையடித்து முடிந்ததும் ஷோகேஸுக்குள் திரும்பப் போனவை பதினொன்று. எட்டு கொலுப் பெட்டிக்கு, சைனா நாயும் அதில் சேர்த்தி. மிச்சத்தைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். சந்தன யானைக்கு அன்றைக்கே ஒரு காது போனது. வைத்துக்கொண்ட ஒவ்வொன்றின் அடியிலும், அம்மா சொல்லச் சொல்ல, மார்க்கர் பேனாவால் எழுதினேன். உங்கள் வீட்டிலும் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

மினார் ஒடிந்த தாஜ்மஹாலின் அடியில் இப்போது இப்படி இருக்கிறது: 'ஆக்ரா, மே 1988. அப்பாவின் எல்.டி.சி. பயணம். கேட்டது 60, கொடுத்தது 25.'