சமாதானப் பாலமும் சூழல் ஆய்வும்

இரு தேசங்களுக்கிடையே ஓர் ஆறு ஓடுமாயின், அதன்மேற் பாலம் அமைத்தல் நற்செயல் என்பதில் ஐயங்கொள்வார் எவருமிலர். பிரிந்து கிடந்த கரைகள் கூடுகின்றன, வாணிகம் வளர்கின்றது, உறவினர் உறவினரைக் காண்கின்றனர். ஆயினும் பாலத்தைப் புகழ்ந்து பேசும் நாம், அதன் தலைப்பில் நிற்கும் வாயிலைப்பற்றி எண்ணுவது அரிது. தேச எல்லையிலுள்ள பாலம் வெறும் வழியன்று. அதன் முடிவிற் சுங்கச் சாவடியும், பாஸ்போர்ட்டுகளைப் பார்வையிடும் அறைகளும், லாரிகளை நிறுத்திச் சோதிக்கும் களமும் இருத்தல் வேண்டும். வண்டிகள் ஓடுவது பாலத்தில். அவை காத்து நிற்பது வாயிலில். இத்தகைய கடவை நிலையம் ஒன்றை விரிவாக்க எண்ணுங்கால், ஆற்றுக்கும் காற்றுக்கும் அண்டையில் வாழ்வோர்க்கும் யாது நேரும் என்று முன்னதாகவே ஆராயும் முறையைச் சூழல் ஆய்வு என்பர். அஃது எத்தகையது, அதனால் ஆவது யாது என்பதை ஓர் உண்மை வரலாற்றைக்கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

பாலமும் அதன் இடமும்

வட அமெரிக்காவில் ஈரி ஏரியினின்று புறப்பட்டு ஒன்டாரியோ ஏரியை அடையும் நயாகரா நதி, நீளத்தால் ஏறக்குறைய 58 கிலோமீட்டர் அளவினதே. ஆனால் அதில் வினாடிதோறும் செல்லும் நீர் சுமார் 2 லட்சம் கன அடி. இடைவழியிலுள்ள நீர்வீழ்ச்சியால் அதன் பெயரை உலகம் அறியும். நதி ஏரியை விட்டு வெளிப்படும் இடத்தில், மேற்கரையிற் கனடா நாட்டின் ஃபோர்ட் ஈரி என்னும் ஊரும், கீழ்க்கரையில் ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த பஃபலோ நகரமும் எதிரெதிரே இருக்கின்றன. 1812ஆம் ஆண்டில் மூண்ட யுத்தத்தில் இவ்விரு கரையினரும் ஒருவர்மேல் ஒருவர் பீரங்கி தொடுத்தனர். 1814இல் அப்பகை ஒழிந்தது. அதன்பின் நிலவிய நூறாண்டுச் சமாதானத்தின் நினைவாக எழுப்பப்பட்டு, 1927இல் திறக்கப்பெற்றதே சமாதானப் பாலம். திறப்பு விழாவுக்குப் பிரிட்டிஷ் இளவரசராக இருந்த எட்வர்டும், பிரதம மந்திரி பால்ட்வினும், அமெரிக்கத் துணை ஜனாதிபதி டாஸும் வந்திருந்தனர்.

அப்பாலத்தில் வண்டி செல்லும் தடங்கள் மூன்றே. மோட்டார் வண்டிகள் சிலவாயிருந்த காலத்துக்கு அவை போதியனவாயிருந்தன. 1989இலும் 1994இலும் நடைமுறைக்கு வந்த வாணிக உடன்படிக்கைகளால் இரு நாட்டுப் பண்டமாற்று மிகுந்தது. லாரிகளின் போக்குவரத்து ஆண்டொன்றுக்குப் பத்து லட்சத்திற்கு மேற்பட்டது. கனடாக் கரையில் நிலையத்துக்கு வேண்டிய இடம் இருந்தது. பஃபலோக் கரையிலோ, சோதனைக் களத்தின் ஒருபுறம் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் என்னும் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் வகுத்த பூங்கா. மற்றொருபுறம் எளிய மக்கள் நெருங்கி வாழும் தெருக்கள். இவற்றிடையே அகப்பட்ட களம் சிறியது. ஆதலின் 1990களிற் பாலத்தை நிர்வகிக்கும் சபையார், பழைய பாலத்தருகே இரண்டாம் பாலம் ஒன்று அமைக்கவும், களத்தை விரிக்கவும் கருதினர்.

ஆய்வின் இலக்கணம்

ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ் சபை 1969இல் நிறைவேற்றிய தேசியச் சூழற் கொள்கைச் சட்டம், 1970 ஜனவரி முதல் நாளில் ஜனாதிபதி நிக்ஸன் கையொப்பமிட்டதால் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் மாகாணமும் 1975இல் தனக்கென இத்தகைய சட்டம் ஒன்று இயற்றிக்கொண்டது. இவற்றின்படி, பெருந்திட்டம் ஒன்றை மேற்கொள்ளும் அல்லது அதற்கு அனுமதி வழங்கும் அரசாங்க அலுவலகம், முதலில் அதனால் நேரும் விளைவுகளை எழுத்தில் ஆராய்ந்து காட்டவேண்டும்.

அவ்வாராய்ச்சிக்கு அங்கங்கள் சில உள. திட்டம் எதற்காக வேண்டப்படுகின்றது என்பது முதலாவது. அந்நோக்கத்தை வேறு எவ்வழிகளால் அடையலாம் என்பது இரண்டாவது. யாதொன்றும் செய்யாது விடுதலும் அவ்வழிகளுள் ஒன்றாக எண்ணப்படும். இடத்தின் இன்றைய நிலை மூன்றாவது. ஒவ்வொரு வழியாலும் விளையும் நன்மை தீமைகள் நான்காவது. தீமையைக் குறைக்கும் உபாயங்கள் ஐந்தாவது. இவற்றையெல்லாம் வரைவாக வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, அதற்கு மறுமொழியும் கூறிய பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

ஈண்டு ஒன்றை மனத்திற் கொள்ளல் தகும். மேற்கூறிய தேசியச் சட்டம் தீங்கு பயக்கும் செயலை முற்றத் தடுப்பதன்று. அறியாது செய்தலையே தடுக்கின்றது. 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இக்கருத்தையே தெளிவுபடுத்தியது. விளைவை அறிந்து, ஊரறியச் சொல்லி, அதன்பின்னும் ஓர் அலுவலகம் தவறான முடிவுக்கு வருமாயின், அச்சட்டத்தால் மட்டும் அதனைத் தடுத்தல் இயலாது. ஆகவே ஆய்வின் வலிமையெல்லாம் அது கேட்கும் கேள்விகளிலேயே உள்ளது. கேளாத கேள்விக்கு விடை கிடையாது. விடையில்லாத தீங்கு கணக்கில் ஏறாது.

முழுமையும் கூறுகளும்

குருடர் சிலர் யானையைத் தடவிப் பார்த்த கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். அவர்களுள் எவனும் பொய் கூறவில்லை. ஆனால் யானையை ஒருவனும் அறிந்திலன். சமாதானப் பாலத்தின் வரலாற்றிலும் அத்தகைய நிலையே நேர்ந்தது. இரண்டாம் பாலம் ஒரு திட்டமாகவும், கரையிலுள்ள சோதனைக் களத்தை விரித்தல் வேறொரு திட்டமாகவும் நடத்தப்பட்டன. பாலத்தை மட்டும் நோக்கினால், அது நீரின்மேல் நிற்கும் ஒரு கட்டடம். அதனால் தெருவில் வாழ்வார்க்கு யாது தீங்கு எனலாம். களத்தை மட்டும் நோக்கினால், முன்னரே உள்ள நிலையத்துக்குச் செய்யும் திருத்தம் எனலாம். ஆனால் பாலம் பெருகினால் வண்டி பெருகும். வண்டி பெருகினால் களம் பெருகும். களம் பெருகினால் பூங்காவோ தெருவோ குறையும்.

நகரசபையாரும், பூங்காக்களைக் காக்கும் சங்கத்தாரும், அண்டையிலிருந்த முதியோர் இல்லத்தாரும் நீதிமன்றத்தை அடைந்தனர். 2000ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாண நீதிபதி யூஜீன் ஃபேஹி, பாலமும் களமும் உண்மையில் ஒரே திட்டம் என்றும், அவற்றைக் கூறுபடுத்தி ஆராய்தல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றும், முழுமையான ஆய்வு ஒன்று நடத்தல் வேண்டுமென்றும் தீர்ப்பளித்தார். இரண்டாம் பாலத்தின் வேலை நின்றது. பின்னர் இருநாட்டு அலுவலகங்களும் சேர்ந்து, பாலம், களம், சாலை யாவற்றையும் ஒருங்கே ஆராயத் தொடங்கின.

ஆறு கூறிய சான்று

முழுமையாக நோக்கத் தொடங்கியதும், அதுவரை பேசப்படாதிருந்த உயிர்கள் முன்வந்து நின்றன. குளிர் மிகுந்து ஏரிகள் உறையும் காலத்திலும் நயாகராவின் விரைந்த நீரோட்டம் பெரும்பாலும் உறைவதில்லை. ஆதலின் வடதிசையினின்று கடற்காக்கைகள் பல்லாயிரக் கணக்கில் அந்நதியை நாடி வருகின்றன. அங்கே 19 இனங்கள் வரை காணப்பட்டுள்ளன. 1996இல் இந்நதிப் பகுதி உலகளாவிய முக்கியத்துவமுடைய பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. 2019இல் அமெரிக்கக் கரைப் பகுதி ராம்ஸர் உடன்படிக்கையின் கீழ்ச் சிறந்த நீர்நிலங்களுள் ஒன்றாயிற்று.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியல் வல்லுநர் கிறிஸ்டியன் மென், உயர்ந்த கோபுரங்களினின்று வடங்களால் தாங்கப்படும் அழகிய பாலம் ஒன்றைக் கற்பித்திருந்தார். இரவிலும் மூடுபனியிலும் பறந்து செல்லும் பறவைகள் அவ்வடங்களில் மோதி மடியலாம் என்ற ஆட்சேபம் எழுந்தது. அன்றியும், எமரால்டு ஷைனர் என்னும் விரல் நீளமுள்ள சிறுமீன் ஒன்று அந்நதியில் வாழ்கின்றது. பெரிய மீன்களுக்கும், நியூயார்க் மாகாணத்தில் அருகிவரும் ஆலாப் பறவைக்கும் அதுவே இரை. நடு ஆற்றின் வேகத்தை எதிர்க்க மாட்டாத அம்மீன், கரையோரத்து மெல்லிய நீர்வழியே ஏரியை நோக்கி ஏறும். கரையிலும் நீரிலும் எழும் கட்டடம் நீரோட்டத்தை விரைவுபடுத்துமாயின், அதன் வழி அடைபடும். பாலத்தின் தூணை அளக்கும் பொறியாளர், அத்தூணருகே நீந்தும் சிறுமீனையும் எண்ணவேண்டியவராயினர்.

காற்று கூறிய சான்று

இனி, மனிதரின் நிலையை நோக்குவோம். அப்பகுதியிற் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து, அதாவது ஏரியின் பக்கமிருந்து, பஃபலோ நகரை நோக்கி வீசும். அது முதலிற் கடப்பது சோதனைக் களத்தை. அடுத்துக் கடப்பது வீடுகளை. நின்று நின்று நகரும் டீசல் லாரிகளின் புகையில் மிக நுண்ணிய துகள்கள் கலந்துள்ளன. மூக்கும் தொண்டையும் தடுக்கமாட்டாத அத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். இளஞ்சிறார்க்கும் முதியோர்க்கும் அவற்றால் ஏற்படும் ஊறு பெரிது.

பாலத்தையடுத்த மேற்குப் பகுதியில் ஆஸ்துமா என்னும் ஈளை நோய் நகரின் பிற பகுதிகளைவிட மிகுந்திருந்தது என்று, 2000ஆம் ஆண்டையொட்டிப் பஃபலோ மருத்துவர் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. ஹார்வார்டு பல்கலைக்கழகத்தார் அவ்விடத்திலேயே காற்றை அளந்து செய்த ஆராய்ச்சி 2011இல் வெளியாயிற்று. களத்தைக் கடந்து வந்த காற்றில், களத்தை அடையுமுன் இருந்த அளவினும் வண்டிப் புகையின் மாசுகள் மிகுந்திருந்தன என்பது அதனால் தெளிவாயிற்று. தாய்மார் தம் குழந்தைகளின் இருமலைக்கொண்டு பல ஆண்டுகளாகக் கூறிவந்ததையே கருவிகளும் கூறின. ஒரு குழந்தை இராப்போதில் மூச்சுக்குத் திணறுவது, லாரிகளின் தொகையைப்போல் எந்தச் சுங்கப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. அதனைப் பதியச் செய்வதே ஆய்வின் தலையாய கடமை என்று கருதுகின்றோம்.

வேறு வழிகள்

களத்தை விரிக்காமலே நெரிசலைக் குறைக்க இயலாதா என்ற கேள்வியும் எழுந்தது. அமெரிக்கச் சோதனையை இடவசதியுள்ள கனடாக் கரையிலேயே நடத்திவிடலாம் என்று ஒரு யோசனை உண்டாயிற்று. ஆனால் அயல்நாட்டு மண்ணிற் கைரேகை எடுத்தல் முதலிய அதிகாரங்கள் குறித்து இரு அரசாங்கங்களும் உடன்படாமையால், 2007இல் அம்முயற்சி நின்றது. 2014இல் லாரிகளை மட்டும் கனடாக் கரையில் முன்னரே சோதித்துப் பார்க்கும் பரீட்சை ஒன்று நடந்தது. அஃது ஓராண்டளவில் முடிவுற்றது.

இரண்டாம் பாலமும் எழவில்லை. 2012க்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் கரையிற் சிறு வேலைகள் நடந்தன. ஓம்ஸ்டெட் பூங்காவின் ஊடே சென்ற வண்டிப் பாதை அகற்றப்பட்டு, அந்நிலம் பூங்காவுக்கே மீண்டது; நெடுஞ்சாலைக்கு நேர்வழி அமைக்கப்பட்டது. மற்றொருபுறம், களத்தருகே இருந்த பழைய வீடுகள் சில இடிக்கப்பட்டன.

நாம் உணரத்தக்கது

இவ்வரலாற்றைப் படிக்கும் சிலர், ஆய்வு வென்றது. ஆறு பிழைத்தது என்று மகிழ்வர். வேறு சிலர், ஆண்டுகள் பல வீணாயின; பாலம் வரவில்லை என்று வருந்துவர். இரு கூற்றிலும் ஓரளவே உண்மையுண்டு. புதிய பாலம் எழாமையாற் பறவையும் மீனும் தீங்கினின்று தப்பின. ஆனால் பழைய பாலத்தின் வரிசை அதனால் மறைந்துவிடவில்லை. லாரிகள் அதே தெருக்களின் அருகே காத்து நின்றன. தூய எரிபொருளும் புதிய இயந்திரங்களும் புகையைக் குறைத்தது உண்மையே. எனினும், யாதொன்றும் செய்யாமையும் ஒரு செயலே. அதற்கும் விலை கொடுப்பவர் உளர். வள்ளுவர் தெரிந்து செயல்வகை என ஓரதிகாரம் வகுத்து, செய்கையால் மட்டுமன்றிச் செய்யாமையாலும் கேடு வரும் என்று உணர்த்தியதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். செய்யாது விடுதலையும் ஒரு வழியாக வைத்து ஆராய்க என்னும் விதியின் உட்கருத்தும் இதுவே.

ஆய்வுக்கு எல்லை வேண்டா என்று யாம் கூறவில்லை. 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை, பேராய்வுகள் ஈராண்டுக்குள் முடிதல் வேண்டுமென்றும், பொதுவாக 150 பக்கங்களுக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. காலம் தாழ்த்தலும் தீங்கேயாதலின் இதில் நியாயமில்லை என்பதற்கில்லை. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், யூட்டா மாகாணத்து ரயில் பாதை பற்றிய வழக்கில், ஒரு திட்டத்தை ஆராயும் அலுவலகம் அதனின் வேறான பிற திட்டங்களின் விளைவுகளையும் ஆராயவேண்டுவதில்லை என்று தீர்ப்பளித்தது. எங்கே ஒரு திட்டம் முடிந்து வேறொன்று தொடங்குகின்றது என்ற பழைய கேள்வியே இதனால் மீண்டும் முன்வந்துள்ளது. பஃபலோவில் அக்கேள்விக்கு விடை கண்டவர், வரைபடத்தை மட்டும் பார்த்தவர் அல்லர். களத்தின் வேலிக்கு அப்பால் ஜன்னலைத் திறக்க அஞ்சி வாழ்ந்தவரே.

நண்பர்காள், நம்மிற் பலர் நாளை பொறியாளராகவும், மருத்துவராகவும், அரசாங்க அலுவலராகவும் அமர்வோம். நம் மேசைக்கும் திட்டங்கள் வரும். அவை பெரும்பாலும் கூறுகூறாகவே வரும். அப்போது கையொப்பமிடுமுன், இதன் மறுகூறு எங்கே, இதன் வாயிலருகே வாழ்பவர் யாவர் என்று ஒருமுறை கேட்போமாயின், நயாகராக் கரையின் இவ்வரலாற்றை நாம் படித்தது வீணாகாது.