சேர்வோ மோட்டர் சுழலும்போது கம்பியில்லாச் செய்தி தடைப்படுதல்

வீட்டிலிருந்தபடியே பொத்தானை அழுத்தித் தோட்டத்து நீர்க்குழாயைத் திறக்கும் சிறு கருவியைக் கமக்காரர் சிலர் தாமே பொருத்தி வருகின்றனர். 433 மெகாஹேட்சு வானொலிப் பெறுவி செய்தியை வாங்கும். ஆர்டுயினோ ஊனோ என்னும் நுண்கட்டுப்படுத்தி அதற்கேற்ப ஆணையிடும். சேர்வோ மோட்டர் குழாயைத் திருப்பும். மேசைமீது குறைவின்றி இயங்கிய கருவி தோட்டத்திலே மாறு செய்வதுண்டு.

வலிகாமத்து வெங்காயத் தோட்டமொன்றில் குழாய் பாதி திறந்தவாறே நின்றுவிட்டது. மூடும்படி அனுப்பிய செய்தி பயன்படவில்லை. இரவு முழுவதும் நீர் நின்றமையால் இரு பாத்திகளில் முற்றும் தறுவாயிலிருந்த வெங்காயம் அழுகிற்று. தோட்டக்காரர் அன்ரனாவையே குறை கூறினார். அதுவோ 17.3 சென்ரிமீற்றர் நீளத்திற் சரியாகவே இருந்தது.

இத்தகைய வேளையில் முதலிற் செய்யவேண்டியது, மோட்டரின் செருகியைக் கழற்றிவிட்டுப் பத்துமுறை செய்தி அனுப்பிப் பார்த்தலாகும். செய்தி கிடைக்குந்தோறும் பலகையிலுள்ள விளக்கு ஒருமுறையும், நிரல் புதிதாகத் தொடங்கும்போது மும்முறையும் மின்னும்படி முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். பத்துமுறையும் விளக்கு ஒழுங்காக மின்னின் வானொலி பழுதற்றது. மோட்டரைப் பூட்டியதும் மும்முறை மின்னுமாயின் குற்றம் மின் வழங்கலிலேயே உள்ளது.

காரணம் இதுவாகும்: எம்ஜி 996ஆர் வகை மோட்டர் இறுகிய குழாயைத் திருப்ப முயன்று நின்றுவிடின் 6 வோல்ற்றில் ஏறத்தாழ 2.5 அம்பியர் மின்னை இழுக்கும். ஊனோவின் யூ.எஸ்.பி. வழியிலுள்ள உருகியோ 500 மில்லியம்பியருக்கே உரியது. மின்னழுத்தம் தாழ, கட்டுப்படுத்தி தன் வேலையை மறந்து மீண்டும் தொடங்குகின்றது, பெறுவியும் செவிடாகின்றது.

ஆதலால் மோட்டருக்கு நான்கு 1.2 வோல்ற்று மின்கலங்களைத் தனியே கொடுக்குக. இரு வழங்கல்களின் மறைக் கம்பிகளையும் கட்டாயம் ஒன்றாக இணைக்குக. இதை மறந்தால் மோட்டர் நடுங்குமேயன்றிச் சொற்கேளாது. மோட்டரின் மின்கம்பிகளுக்குக் குறுக்கே 1000 மைக்குரோபரட்டு, 16 வோல்ற்றுக் கொள்ளளவியொன்றை நேர், மறை மாறாது பொருத்துக. பெறுவியையும் அன்ரனாவையும் மோட்டரிலிருந்து விலக்கி வைத்தல் நன்று. கடின குழாயைத் தளர்வானதாக மாற்றுவது இவையனைத்திலும் மலிவான பரிகாரமென்பது எமது அநுபவம்.

நிரலே தொகுபடாது பிழை காட்டின், அது வேறு குறையாகும். ஊனோவில் சேர்வோ நூலகமும் றேடியோகெட் நூலகத்தின் ஏ.எஸ்.கே. பகுதியும் முதலாம் ரைமரையே கேட்கும். பின்னதை இரண்டாம் ரைமருக்கு மாற்றுக.

குழாய் திரும்பியபின் மோட்டருக்குச் செல்லும் சைகையை நிறுத்திவிடலாம். பத்து நிமிடம் செய்தியேதும் வராவிடில் குழாய் தானே மூடிக்கொள்ளுமாறும், கட்டுப்படுத்தி மீளத் தொடங்குந்தோறும் முதலில் மூடுமாறும் எழுதுக.