வராத கடனும் மூன்று ஆண்டுக் கணக்கும்

தனிவட்டிக் கணக்கில் காலம் முடிந்ததும் அசலும் வட்டியும் தவறாமல் கைக்கு வந்துவிடும். காலம் என்ற இடத்தில் ஐந்து போட்டாலும் பத்து போட்டாலும் விடை கிடைக்கும். நடைமுறை வாழ்க்கையில் அந்த எண் மூன்றைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை, எங்கள் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியை ஒருவரின் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஓய்வூதியப் பணப்பலன் வந்த சமயம், வீடு கட்டிக்கொண்டிருந்த தெரிந்தவர் ஒருவருக்கு அவர் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். புரோநோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் வாங்கியிருந்தார். வட்டி மாதாமாதம் ரொக்கமாக வந்தது, பிறகு நின்றுபோனது. "நோட்டு பத்திரமா பீரோவுல இருக்கு தம்பி, எங்க போயிடப் போகுது?" என்றார். நோட்டு எங்கும் போகவில்லை, தேதிதான் போய்விட்டது. அவர் அதை எடுத்து வந்தபோது, எழுதி மூன்று ஆண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

காலவரையறை

காலவரையறைச் சட்டம் 1963-இன்படி, கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். சீட்டு இல்லாத கைமாற்றுக்கும் பொதுவாகப் பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான்.

இந்தக் காலத்தைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கெடு முடிவதற்குள் கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு கடன் வாங்கியவர் எழுத்தில் கையெழுத்திடுவது. இரண்டாவது, அசலிலோ வட்டியிலோ ஒரு தொகையைச் செலுத்தி, அதை நோட்டின் பின்புறம் அவரே வரவு எழுதிக் கையெழுத்திடுவது. அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஆசிரியை வாங்கிய வட்டி எதற்கும் வரவு எழுதவில்லை. அவ்வளவு மாதம் பணம் வந்தும் சட்டத்தின் கண்ணில் அது காலத்தை நீட்டவில்லை.

காசோலை வாங்கியிருந்தால்

கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பொருந்தும். இங்கு ஆண்டுக் கணக்கு இல்லை, நாள் கணக்குதான். காசோலையை அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் செலுத்த வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் தர 15 நாள் அவகாசம். அதற்கும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தீர்ப்புக்குப் பின்

உரிமையியல் வழக்கில் வென்றவுடன் பணம் கைக்கு வந்துவிடாது. தீர்ப்பாணையைக் கொண்டு நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு 12 ஆண்டு வரை காலம் உண்டு. சொத்தையோ ஊதியத்தையோ பற்றுகை செய்யலாம்.

ஊதியப் பற்றுகை நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஊதியத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவைக்கிறது. விலக்கு பெற்ற படிகள் போக ஊதியம் 61,000 ரூபாய் என்று கொள்வோம். 1,000 போக மீதி 60,000. அதில் 40,000 தொட முடியாது. 20,000 மட்டுமே பிடிக்கலாம். ஒரே தீர்ப்பாணைக்கு மொத்தம் 24 மாதம் வரைதான் பிடிக்க முடியும். அரசு ஓய்வூதியத்தையும் பொது வருங்கால வைப்பு நிதியையும் பற்றுகை செய்ய இயலாது.

நண்பருக்காக ஜாமீன் கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரிடம் கேட்டு முடித்த பிறகுதான் நம்மிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பணியில் இருக்கும் நாம் வட்டிக்குக் கடன் கொடுப்பதற்கு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் கட்டுப்பாடு இருப்பதையும் மறக்கக் கூடாது.

மக்கள் நீதிமன்றம்

ஆசிரியையை நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துச் சென்றேன். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பது எனக்கே அன்றுதான் தெரியும். வழக்குத் தொடரும் முன்பே சமரசம் கோரி மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை.

கெடு கடந்த கடனுக்கும் ஒரு வாசல் இருப்பதாக அங்கிருந்த வழக்கறிஞர் சொன்னார். ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, காலம் கடந்த கடனைத் தருவதாகக் கடனாளி எழுத்தில் கையெழுத்திட்டால் அது செல்லும். ஆனால் அவர் மனம் வைக்க வேண்டும், கட்டாயப்படுத்த முடியாது.

அழைப்புக் கிடைத்து அவர் வந்தார். ஆசிரியையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "ஏமாத்தணும்னு நினைக்கல டீச்சர், தொழில் படுத்துடுச்சு" என்றார். "வட்டி வேண்டாம் தம்பி, அசலைக் கொடுத்துடு" என்றார் ஆசிரியை. மாதம் 10,000 வீதம் இருபது தவணை என்று எழுதிக் கையெழுத்தானது. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனு போடலாம்.

எல்லோருக்கும் இப்படித் தலைகுனிந்து வரும் கடனாளி அமைய மாட்டார். எனவே, உங்கள் பீரோவில் நோட்டு ஏதும் இருந்தால் இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். இப்போது தனிவட்டி நடத்தும்போது, விடை எழுதி முடித்த மாணவர்களிடம் நான் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறேன்: "வரவு எழுதினீங்களா?"